செஸ் இன்ஜின் இருக்கும்போது பிள்ளை எதற்கு யோசிக்க வேண்டும்? பெற்றோரும் மாணவரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருச்சியில் பதினாறு வருடமாகப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். முன்பெல்லாம் பெற்றோர் கேட்பது ஃபீஸ் எவ்வளவு, அடுத்த போட்டி எங்கே என்பதுதான். இப்போது வகுப்பு முடிந்து பிள்ளை செருப்பு மாட்டும் நேரத்தில் வேறு கேள்வி வருகிறது: "எல்லாத்தையும் ஏஐ பண்ணிடும்னு சொல்றாங்களே சார், இவன் உட்கார்ந்து யோசிச்சு என்ன ஆகப்போகுது?"

இதையே வாரத்துக்கு மூன்று பேராவது கேட்கிறார்கள். அதனால் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். மனிதனை இயந்திரம் மிஞ்சிய பிறகு என்ன ஆகும் என்பதை மற்ற துறைகள் இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கின்றன. செஸ் கிட்டத்தட்ட முப்பது வருடமாக அதோடு குடித்தனம் நடத்துகிறது. அதனால் செஸ்காரர்களிடம் சொல்வதற்குக் கொஞ்சம் அனுபவம் இருக்கிறது.

கம்ப்யூட்டர்தான் எப்பவோ மனுஷனை ஜெயிச்சிடுச்சே சார், இன்னும் எதுக்கு செஸ் கத்துக்கணும்?

ஜெயித்தது உண்மைதான். 1997 மே 11 அன்று நியூயார்க்கில் ஐபிஎம்மின் டீப் ப்ளூ, உலக சாம்பியன் கேரி காஸ்பரோவை 3.5–2.5 என்று வீழ்த்தியது. அதற்கு முந்தின வருடம்தான் பிலடெல்ஃபியாவில் அதே இயந்திரத்தின் முந்தைய வடிவத்தை காஸ்பரோவ் 4–2 என்று ஜெயித்திருந்தார். இன்று உங்கள் கைப்பேசியில் இலவசமாக இறக்கிக்கொள்ளும் ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்ஜின், அதாவது செஸ் ஆடும் நிரல், டீப் ப்ளூவைச் சுலபமாகத் தோற்கடிக்கும். ஆட்டத் திறனைக் காட்டும் புள்ளிக்கு ரேட்டிங் என்று பெயர். முன்னாள் உலக சாம்பியன் மேக்னஸ் கார்ல்சன் தொட்ட உச்ச ரேட்டிங் 2882. இன்ஜின்களுக்கான ரேட்டிங் பட்டியல்களில் ஸ்டாக்ஃபிஷ் 3500-ஐத் தாண்டி நிற்கிறது. இனி எந்த மனிதனும் அதைப் பிடிக்கப்போவதில்லை.

அதற்குப் பிறகு செஸ் என்ன ஆனது என்று பாருங்கள். செஸ்ஸின் உயரிய பட்டம் கிராண்ட்மாஸ்டர். இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டராக விஸ்வநாதன் ஆனந்த் வந்தது 1988-ல். டீப் ப்ளூ ஜெயித்த காலத்தில் நம் கிராண்ட்மாஸ்டர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இன்று 80 பேருக்கு மேல். அதில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள். ஒரு சிலரைத் தவிர இத்தனை பேரும் இயந்திரம் ஜெயித்த பிறகு அந்தப் பட்டத்தைத் தொட்டவர்கள்.

இன்ஜினும் இன்ஜினும் மோதும் போட்டிகளும் நடக்கின்றன. அந்த ஆட்டத்தின் தரம் எந்த மனிதனுக்கும் எட்டாதது. ஆனால் ஊர் விழித்திருந்து பார்ப்பது மனிதர்கள் ஆடும் ஆட்டத்தைத்தான். வியர்க்கிற, பயப்படுகிற, நேரம் தீரத் தீரக் கை நடுங்குகிற ஒருவர் அந்த மூவைக் கண்டுபிடிப்பாரா என்பதற்காகத்தான் பார்க்கிறார்கள். உங்கள் பிள்ளை விஷயத்தில் இன்னும் நேரடியாகச் சொல்கிறேன். இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரு முடிவு எடுத்து, அது தப்பாகப் போனால் யாரையும் கைகாட்டாமல் ஏற்றுக்கொள்ளும் பழக்கம் அவனுக்கு வேண்டும். அதை ஸ்டாக்ஃபிஷ் அவனுக்காகச் செய்துவைக்க முடியாது.

இன்ஜின் நம்மள மாதிரியே யோசிக்குதா?

இல்லை. டீப் ப்ளூ ஒரு நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளைப் பார்த்தது. நல்ல ஆட்டக்காரர் ஒருவர் ஒரு நிமிடத்தில் பார்ப்பது சில டஜன் இருக்கலாம். அப்படியும் இயந்திரம் எல்லாவற்றையும் பார்த்து முடிப்பதில்லை. சாத்தியமான ஆட்டங்களின் எண்ணிக்கை 1-க்குப் பின்னால் 120 பூஜ்ஜியம் போட்ட அளவில் வரும் என்று அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன் 1950-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார். அதனால் இயந்திரமும் எதை விடுவது, எதைத் தொடர்வது என்று தேர்ந்தெடுத்துத்தான் போகிறது.

மனிதன் எப்படி யோசிக்கிறான் என்று முதலில் ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஹாலந்துக்காரரான அட்ரியான் டி க்ரோட். அவரும் நல்ல ஆட்டக்காரர். மாஸ்டர்கள் மற்றவர்களைவிட ரொம்ப ஆழமாகக் கணக்குப் போடுவதில்லை, சரியான இடத்தைச் சட்டென்று பார்த்துவிடுகிறார்கள் என்று 1940-களில் அவர் கண்டார். 1973-ல் சேஸ், சைமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை இன்னும் கொண்டுபோனார்கள். ஓர் ஆட்ட நிலையை ஐந்து நொடி காட்டி மறைத்தால் மாஸ்டர் பெரும்பாலான காய்களைத் திரும்ப அடுக்கிவிடுவார். காய்களை இஷ்டத்துக்குக் கலைத்து வைத்துக் காட்டினால் அவரும் புதிதாக ஆடுபவரைப் போலத்தான் திணறுவார். அவருடைய கண் அர்த்தத்தைப் பார்த்துப் பழகிய கண். அந்தப் பழக்கம் ஆயிரக்கணக்கான ஆட்டங்களைச் சொந்தமாக யோசித்து ஆடியதால் வந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

அது தானாவே கத்துக்குதுன்னு சொல்றாங்க. அப்போ அதுக்கும் கற்பனை இருக்குன்னுதானே அர்த்தம்?

2017 டிசம்பரில் கூகுளின் டீப்மைண்ட் நிறுவனம் வெளியிட்ட ஆல்ஃபாஸீரோ என்ற ஏஐ அப்படித்தான் கற்றது. விதிகளை மட்டும் கொடுத்தார்கள். தன்னோடு தானே ஆடி, ஆயிரக்கணக்கான சிறப்புச் சில்லுகளின் பலத்தில், நாலு மணி நேரத்தில் அப்போதைய ஸ்டாக்ஃபிஷை மிஞ்சியது. 100 ஆட்டம் ஆடியதில் 28 வெற்றி, 72 டிரா, தோல்வி ஒன்றுகூட இல்லை. அது நொடிக்கு 80 ஆயிரம் நிலைகளையே பார்த்தது. எதிரே ஸ்டாக்ஃபிஷ் பார்த்ததோ 7 கோடி. ஓரத்துச் சிப்பாயை ராஜாவை நோக்கி ஓடவிட்டு, காய்களைத் தாராளமாகப் பலி கொடுத்து ஆடிய அந்த ஆட்டங்களை முதன்முதலில் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வளவு அழகு.

பெயர் எதுவானாலும், அதுவரை யாரும் பார்க்காத ஒன்றை இயந்திரம் கொண்டுவந்து வைக்கிறது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். 2016 மார்ச்சில் சியோலில் நடந்த கோ என்ற பலகை விளையாட்டுப் போட்டியில் தென்கொரியச் சாம்பியன் லீ செடோலுக்கு எதிராக டீப்மைண்டின் ஆல்ஃபாகோ வைத்த 37-வது மூவ் பிரபலமானது. மனிதர்கள் அதை வைக்கப் பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்புதான் என்று அதன் கணக்கே சொன்னது. பலர் அதோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். நாலாவது ஆட்டத்தில் லீ செடோல் வைத்த 78-வது மூவும் அதே பத்தாயிரத்தில் ஒன்றுதான். அந்த மூவுக்குப் பிறகு ஆல்ஃபாகோ தடுமாறி, அந்த ஆட்டத்தைத் தோற்றது. தொடர் 4–1 என்று முடிந்தது. அந்த ஒன்றை லீ ஜெயித்தது, மூன்று ஆட்டம் வரிசையாகத் தோற்றுத் தொடரையே இழந்த பிறகு, மறுநாள் வந்து உட்கார்ந்து.

என் பையனுக்கு எந்த வயசுல இன்ஜின் கொடுக்கலாம்?

வயதுக் கணக்கு என்னிடம் இல்லை, வரிசைக் கணக்கு இருக்கிறது. முதலில் பிள்ளை, அப்புறம் இன்ஜின். ஆட்டம் முடிந்ததும், மூவ்களைக் குறித்துவைத்த நோட்டேஷன் தாளை வைத்துக்கொண்டு, எங்கே பயந்தான், எங்கே என்ன நினைத்தான், எது தப்பு என்று அவனுக்குத் தோன்றுகிறது என்று பென்சிலால் எழுத வேண்டும். எழுதி முடித்த பிறகு இன்ஜினைத் திறக்கலாம். அதற்கு முன்னால் வேண்டாம்.

குகேஷின் தொடக்ககாலப் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா அவரைப் பல வருடம் இன்ஜின் பக்கமே விடவில்லை என்பது செஸ் உலகில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. குகேஷ் 2019 ஜனவரியில், 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அந்த வயதுப் பிள்ளைகள் மற்ற இடங்களில் இன்ஜினோடு வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. எல்லோருக்கும் இதே வழிதான் என்று சொல்லமாட்டேன். ஆனால் இன்ஜின் இல்லாமல் பின்தங்கிவிடுவான் என்று பயப்படும் பெற்றோருக்கு இந்த ஒரு செய்தியே போதும்.

இன்ஜின் சொல்ற மூவை மனப்பாடம் பண்ணிட்டுப் போனா ஜெயிக்கலாமே?

பன்னிரண்டு மூவ் வரை ஜெயிக்கலாம். பதின்மூன்றாவது மூவில் எதிரே இருப்பவன் புத்தகத்தில் இல்லாத ஒன்றை ஆடுவான். அப்போது என்ன செய்வது?

போன வருடம் ஒரு பையன் வந்தான். ஓப்பனிங் அத்தனையும் கடகடவென்று ஆடினான். ஒரு நிலையில் நிறுத்தி, "இங்கே யாருக்கு நல்லா இருக்கு, தம்பி?" என்றேன். "வெள்ளைக்கு சார், பிளஸ் 1.3." "ஏன் வெள்ளைக்கு நல்லா இருக்கு?" பையன் பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்பவும் "பிளஸ் 1.3" என்றான். யாருக்கு எவ்வளவு சாதகம் என்று இன்ஜின் காட்டும் எண் அது. அவனுக்கு விடை தெரியும். அந்த விடைக்கு என்ன கேள்வி என்று தெரியாது. கறுப்பு மந்திரி தன் சிப்பாய்களுக்குப் பின்னாலேயே அடைபட்டுக் கிடந்தது, வெள்ளைக் குதிரைக்கு நடுவில் அசைக்க முடியாத இடம் கிடைத்திருந்தது. அந்த இரண்டையும் அவனாகப் பார்க்க மூன்று வாரம் ஆயிற்று. பார்த்த அன்று அவன் முகம் மலர்ந்ததைச் சொல்லி முடியாது. அதற்குப் பிறகு அவன் என்னிடம் எண் சொன்னதே இல்லை.

போட்டியில இன்ஜினைப் பார்த்து ஏமாத்தினா யாருக்குத் தெரியப்போகுது?

கேட்டவர் ஏமாற்றச் சொல்லவில்லை. தன் பிள்ளை நேர்மையாக ஆடித் தோற்றுவிடுவானோ என்று கவலைப்பட்டார். பெரிய போட்டிகளில் சோதனைக் கருவி வைத்துப் பார்க்கிறார்கள். ஆட்டம் நடக்கும் இடத்தில் அனுமதி இல்லாமல் கைப்பேசி வைத்திருந்தாலே ஆட்டம் போய்விடும். ஆன்லைனில் மூவ்களை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கிறார்கள். சிலர் தப்பித்தும் விடுகிறார்கள், அதையும் மறைக்கவில்லை. ஆனால் அப்படி வாங்கிய ரேட்டிங்கோடு அடுத்த போட்டியில் அந்தப் பிள்ளை தனியாக உட்கார வேண்டிவரும். அந்த நாற்காலியில் அவன் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

மனுஷனும் கம்ப்யூட்டரும் சேர்ந்தா ரெண்டையும்விட பலம்னு படிச்சேன். உண்மையா?

கொஞ்ச காலம் உண்மையாக இருந்தது. 1998-ல் ஸ்பெயினின் லியோன் நகரில் காஸ்பரோவும் பல்கேரிய கிராண்ட்மாஸ்டர் தோபலோவும் ஆளுக்கொரு கம்ப்யூட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடினார்கள். ஒரு மாதத்துக்கு முன் கம்ப்யூட்டர் இல்லாமல் தோபலோவை 4–0 என்று துவைத்திருந்த காஸ்பரோவ், இங்கே 3–3 என்று சமன் செய்யத்தான் முடிந்தது. 2005-ல் இணையத்தில் யாரும் எப்படியும் ஆடலாம் என்று ஒரு போட்டி வைத்தார்கள். கிராண்ட்மாஸ்டர்கள் பெரிய கம்ப்யூட்டர்களோடு வந்தார்கள். ஜெயித்தது இரண்டு அமெரிக்க அமெச்சூர்கள், சாதாரண கம்ப்யூட்டர்களோடு. எந்த இன்ஜினை எப்போது கேட்பது, இரண்டு இன்ஜின் முரண்பட்டால் எங்கே தோண்டுவது என்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

இந்தக் கதையை மேடையில் சொல்பவர்கள் 2005-லேயே நின்றுவிடுகிறார்கள். இன்று செஸ்ஸில், மூவைத் தேர்ந்தெடுக்கும் வேலையில், ஸ்டாக்ஃபிஷ் பக்கத்தில் மனிதன் உட்கார்ந்து பெரிதாக எதுவும் சேர்க்க முடியாது. கெடுக்கத்தான் வாய்ப்பு அதிகம். பெற்றோரிடம் பொய் நம்பிக்கை கொடுக்க எனக்கு விருப்பமில்லை, அதனால் இதைச் சொல்கிறேன். "இயந்திரம் இவ்வளவுதான், மிச்சம் நமக்கு" என்று கோடு போட்டுக்கொண்டு அதற்குள் நிம்மதியாக இருக்க நினைத்தால் அந்தக் கோடு நகர்ந்துவிடும். மனித யோசனையின் மதிப்பை அந்தக் கோட்டை நம்பி வைக்கக் கூடாது.

அப்போ எதை நம்பி வைக்கிறது? இன்ஜினால முடியாததுன்னு ஒண்ணாவது இருக்கா?

ஒரு மூவைக் காட்டுகிறேன். 1998, ஸ்பெயினின் லினாரஸ் போட்டி. தோபலோவ் வெள்ளை, ஷிரோவ் கறுப்பு. ராணியும் இல்லை, யானையும் இல்லை. ஆளுக்கொரு மந்திரி, எதிரெதிர் நிறக் கட்டங்களில். பொதுவாக இப்படிப்பட்ட எண்ட்கேம் டிராவை நோக்கிப் போகும். கறுப்பு ராஜா நடுப் பலகைக்கு நடந்துவர வேண்டும், ஆனால் நேரம் போதவில்லை. 47-வது மூவில் ஷிரோவ் தன் ஒரே மந்திரியை எச்3 கட்டத்தில் கொண்டுபோய் வைத்தார். ஒரு சிப்பாய் அதைச் சும்மா வெட்டிவிடலாம். வெட்டியும் விட்டது. அந்த ஒரு மூவ் அவகாசத்தில் கறுப்பு ராஜா எஃப்5, இ4 என்று உள்ளே நுழைந்தது. ஆறு மூவ் கழித்துத் தோபலோவ் விட்டுக்கொடுத்தார். அந்தக் காலத்து இன்ஜின்களுக்கு அந்த மூவ் தட்டுப்படவே இல்லை. இன்றைய இன்ஜின் கண்டுபிடித்துவிடும்.

இன்றைய இன்ஜின் கண்டுபிடிப்பதால் ஷிரோவின் மூவ் சிறுத்துவிட்டதா? நான் இதை வகுப்பில் காட்டும்போது பிள்ளைகள் இன்னமும் "ஹே..." என்று எழுந்து நின்றுவிடுகிறார்கள். பலகைக்கு எதிரே, கடிகாரம் ஓட, தோற்றால் தன் பெயர் கெடும் என்று தெரிந்த ஒரு மனிதர் தன் கடைசி மந்திரியைத் தூக்கிக் கொடுத்தார். எனக்கு மனித யோசனையின் மதிப்பு அங்கே இருக்கிறது: ஒருவர் தன்னைப் பணயம் வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில். இயந்திரத்துக்கு வராத மூவ் எது என்று தேடிக்கொண்டிருந்தால் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாது.

இன்ஜின் 0.00-ன்னு காட்டுதே, அப்புறமும் ஏன் டிரா ஒத்துக்காம ஆடுறாங்க?

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன்ஷிப்பின் 14-வது, கடைசி ஆட்டம். அப்போதைய சாம்பியன் டிங் லிரென் வெள்ளை, குகேஷ் கறுப்பு. குகேஷிடம் ஒரே ஒரு சிப்பாய் கூடுதல். இன்ஜின் கணக்கில் சமநிலை, அதாவது 0.00. நேரலையில் பார்த்த பலர் டைபிரேக்கர் எப்போது என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். குகேஷ் ஆடிக்கொண்டே இருந்தார். சமநிலை என்பது, எதிரில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் சரியான மூவைக் கண்டுபிடித்தால்தான். மணிக்கணக்கில் தாக்குப்பிடித்துக் களைத்த ஒரு மனிதரிடம் இன்னொரு கேள்வி, இன்னொரு கேள்வி என்று கேட்டுக்கொண்டே இருக்கலாம். 55-வது மூவில் டிங் யானையை எஃப்2-க்கு நகர்த்தினார். அதுதான் தப்பு. யானைகள் வெட்டுப்பட்டு, மந்திரிகளும் வெட்டுப்பட்டு, மிஞ்சிய சிப்பாய் ஆட்டம் குகேஷுக்கு வெற்றி. 7.5–6.5. பதினெட்டு வயதில் உலக சாம்பியன்.

இதில் டிங்கைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 2006-ல் பான் நகரில் அப்போதைய உலக சாம்பியன் கிராம்னிக்கே டீப் ஃப்ரிட்ஸ் என்ற இன்ஜினுக்கு எதிராக, அடுத்த மூவில் வரும் செக்மேட்டைப் பார்க்காமல் விட்டார். மனிதர்கள் ஆடும் இடத்தில் 0.00 என்பது பாதித் தகவல்தான். யார் எதிரே இருக்கிறார், எவ்வளவு நேரம் மிச்சம், யாருக்கு எந்த நிலை பிடிக்காது என்பதெல்லாம் அந்த எண்ணுக்கு வெளியே இருக்கின்றன. உங்கள் பிள்ளை நாளை டாக்டரானாலும் கடை வைத்தாலும் அவன் முன்னால் இருக்கப்போவது மனிதர்கள்தான்.

எல்லாரும் ஒரே இன்ஜினைப் பார்த்தா எல்லாரும் ஒரே மாதிரிதானே ஆடுவாங்க?

ஆமாம், இது நிஜமான ஆபத்து. உயர்மட்டப் போட்டிகளில் இருபது, இருபத்தைந்து மூவ் வரை வீட்டிலேயே இன்ஜினோடு தயாரித்துவந்து ஒப்பிப்பது சாதாரணமாகிவிட்டது. பாபி ஃபிஷர் இதை முன்பே பார்த்துத்தான் 1996-ல், பின்வரிசைக் காய்களைக் குலுக்கிவைத்து ஆடும் முறையை அறிவித்தார். 960 தொடக்க நிலைகள். யாரும் மனப்பாடம் செய்ய முடியாது. இன்று கார்ல்சன் போன்றவர்கள் அதை ஆர்வமாக ஆடுகிறார்கள். முதல் மூவிலிருந்தே யோசிக்க வேண்டும் என்பதுதான் அதன் சுவை.

எழுத்திலும் இதே கதைதான். 2024-ல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. குட்டிக்கதை எழுதச் சொல்லி, சிலருக்கு மட்டும் ஏஐ-யிடமிருந்து யோசனை கொடுத்தார்கள். யோசனை வாங்கியவர்களின் கதைகள், தனித்தனியாகப் பார்த்தால், இன்னும் நன்றாக இருப்பதாக வாசகர்கள் சொன்னார்கள். குறிப்பாக எழுத வராதவர்களுக்கு அது நன்றாகவே கைகொடுத்தது. ஆனால் எல்லாக் கதைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது அவை ஒன்றுபோல் ஒன்று இருந்தன. ஒவ்வொருவருக்கும் லாபம், ஊருக்கு நஷ்டம்.

எம்பொண்ணு சாட்ஜிபிடி-ல கட்டுரை எழுதுறா. அதுவும் செஸ் இன்ஜின் மாதிரி ஒரு கருவிதானே?

ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. செஸ்ஸில் சரி, தப்பு என்பது பலகையிலேயே இருக்கிறது, இன்ஜின் அதைச் சரியாகவே சொல்லும். பேசும் ஏஐ, அடுத்து எந்தச் சொல் வந்தால் பொருந்தும் என்று கற்றது. அதனால் தெரியாததையும் தெரிந்த குரலில் சொல்லும். அதனோடு செஸ் ஆடிப்பாருங்கள், நடுவில் விதிப்படி செல்லாத மூவை வெகு நம்பிக்கையாக ஆடிவிடுவது உண்டு. செஸ் தெரிந்த பிள்ளை அதைப் பார்த்ததும் பிடித்துவிடும். வரலாற்றுப் பாடத்தில் அப்படி ஒரு மூவ் வந்தால் யார் பிடிப்பது? அந்தப் பாடத்தை ஏற்கெனவே கற்றவர்தான்.

இந்த அம்மாவின் மகளை எனக்குத் தெரியும். சமயபுரம் பூச்சொரிதலுக்குப் போய்வந்த மறுநாள் வகுப்பில் அதையே பேசினாள். கூட்டத்தில் ஒற்றைச் செருப்பு தொலைந்தது, பாட்டி தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தது, பூத்தட்டு தூக்கிவந்த கையில் ராத்திரி முழுக்க வாசனை போகாதது. அடுத்த வாரம் பள்ளிக்கு 'எங்கள் ஊர்த் திருவிழா' என்று ஒரு கட்டுரை எழுதிக் கொண்டுவந்து காட்டினாள். பிழையில்லாத தமிழ். "மக்கள் அனைவரும் ஒற்றுமையுடனும் மகிழ்ச்சியுடனும் கொண்டாடுகின்றனர்" என்று இருந்தது. செருப்பும் இல்லை, பாட்டியும் இல்லை. "நீ என்கிட்ட சொன்னது எங்க கண்ணு?" என்று கேட்டேன். "அதெல்லாம் கட்டுரையில எழுதலாமா சார்?" என்றாள். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. ஏஐ-க்குத் தெரியவே வாய்ப்பில்லாத, அவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்றை, எழுதத் தகுதியில்லாதது என்று பதினொரு வயதில் நினைத்துவிட்டாள்.

ஏஐ-யைத் தொடாதே என்று அவளிடம் சொல்லவில்லை. இன்ஜினுக்குச் சொன்ன அதே வரிசைதான் சொன்னேன்: முதலில் நீ எழுது. அப்புறம் அதனிடம் காட்டி, எங்கே புரியவில்லை என்று கேள்.

இதனால மனுஷங்க மூளை வளர்ந்திருக்கா, மழுங்கியிருக்கா?

கோ விளையாட்டில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். 1950 முதல் 2021 வரை ஆட்டக்காரர்கள் எடுத்த 58 லட்சம் முடிவுகளை ஆராய்ந்து 2023-ல் வெளியிட்டார்கள். மனிதனை மிஞ்சிய ஏஐ வந்த பிறகு ஆட்டக்காரர்களின் முடிவுகள் தெளிவாக மேம்பட்டிருந்தன, அதுவரை யாரும் ஆடாத புது மூவ்களும் கூடியிருந்தன. செஸ்ஸிலும் அப்படித்தான். ஆல்ஃபாஸீரோவின் ஓரச் சிப்பாய் ஓட்டத்தைக் கார்ல்சன் 2019-ல் தன் ஆட்டத்தில் எடுத்துக்கொண்டார்; அதன் தாக்கத்தை அவரே சொல்லியிருக்கிறார்.

ஆனால் இவர்கள் எல்லோரும் ஏற்கெனவே யோசிக்கக் கற்றவர்கள். மேலே சொன்ன பிளஸ் 1.3 பையனும் அதே இன்ஜினைத்தான் பார்த்தான். லீ செடோலை மறக்கவும் கூடாது. 2019-ல் ஓய்வு அறிவித்தபோது, வெல்லவே முடியாத ஒன்று இருக்கிறது என்பதைக் காரணமாகச் சொன்னார். அந்த வலிக்கு ஆய்வுக் கட்டுரையில் இடமில்லை.

செஸ்காரங்களுக்கு வேலை போகலை. படம் வரையிறவங்க, மொழிபெயர்க்கிறவங்க கதி அப்படியில்லையே?

இது நியாயமான கேள்வி, என் செஸ் உதாரணம் இங்கே முழுசாகப் பொருந்தாது. செஸ்ஸில் யார் ஆடினார் என்பதற்குத்தான் காசு. புத்தக அட்டைக்கு ஒரு படம் வேண்டும் என்பவருக்கு யார் வரைந்தார் என்பது பல சமயம் பொருட்டே இல்லை. படம் வந்தால் போதும். அதனால் அங்கே பிழைப்பு நிஜமாகவே அடிபடுகிறது. போதாததற்கு, அவர்கள் வரைந்ததையும் எழுதியதையும் கேட்காமலே எடுத்துத்தான் அந்த இயந்திரங்களில் பலவற்றைப் பழக்கினார்கள் என்று வழக்குகள் நடக்கின்றன. "திறமை இருந்தால் தப்பித்துக்கொள்ளலாம்" என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது. இது சட்டமும் சம்பளமும் சம்பந்தப்பட்ட விஷயம். தனி மனிதரின் உழைப்பால் மட்டும் தீராது.

வாடிக்கையாளராக நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எங்கள் போட்டிக்குச் சுவரொட்டி வேண்டியிருந்தபோது, தெருமுனையில் போர்டு எழுதுகிறவரிடமே கொடுத்தேன். குதிரையின் கண்ணை அவர் வரைந்த விதத்தைப் பார்த்து, எந்தப் பிள்ளை வந்தாலும் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வருகிறது.

நீங்க இன்ஜின் பயன்படுத்துறீங்களா சார்?

தினமும். ஒரு நிலையைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு முன் அதில் ஓட்டை இருக்கிறதா என்று சரிபார்க்க அதைவிட நல்ல துணை கிடையாது. ஆனால் எந்த நிலையைக் கொடுப்பது என்பதை நான்தான் முடிவு செய்கிறேன். இந்த வாரம் இந்தப் பிள்ளை தோல்வியில் துவண்டிருக்கிறாள், ஜெயிக்கக்கூடிய ஒன்றைக் கொடுக்க வேண்டும்; அந்தப் பையனுக்குத் தலைக்கனம் ஏறுகிறது, கொஞ்சம் திணறட்டும். இந்தக் கணக்கு இன்ஜினிடம் இல்லை. பிள்ளையின் முகத்தில் இருக்கிறது.

நான் கண்டுபிடிச்ச மூவ் இன்ஜினுக்கு முன்னாடியே தெரியும்னா, அது என்னோடதா சார்?

இதைக் கேட்டவள் ஒன்பது வயதுக்காரி. பெற்றோர் கேட்ட அத்தனை கேள்வியையும்விட இது என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

அன்று அவள் ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தில் கறுப்பு ராஜா மூலையில் ஒதுங்கியிருந்தது. திடீரென்று தன் ராணியை ஜி8 கட்டத்தில், ராஜாவுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தாள். எதிரே இருந்த பையன் சிரித்துவிட்டான். யானையால் வெட்டியே ஆக வேண்டும், வெட்டினான். அவள் குதிரையை எஃப்7-ல் வைத்தாள். ராஜா தன் சொந்தக் காய்களுக்குள்ளேயே அடைபட்டு, செக்மேட். அதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. இந்த உத்தி 1497-ல் ஸ்பெயினில் லூசேனா அச்சிட்ட புத்தகத்திலேயே இருக்கிறது என்று சொன்னதும் அவள் முகம் வாடிவிட்டது. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

உன்னோடதுதான் என்றேன். லூசேனாவுக்கும் தெரியும், இன்ஜினுக்கும் தெரியும், ஆனால் இன்று காலை இந்தப் பலகையில் உனக்கு யாரும் சொல்லவில்லை, நீயாகப் பார்த்தாய் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு நோட்டேஷன் தாளில் அந்த மூவுக்குப் பக்கத்தில் இரண்டு ஆச்சரியக்குறி போட்டாள். காய்களைத் திரும்ப அடுக்கிவிட்டு, "ராஜா அந்த மூலையில இருந்தாலும் இது வருமா சார்?" என்று மறுபக்கம் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். கைப்பேசி பக்கத்திலேயேதான் இருந்தது. அதை எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை.